சொல்லக் கூடாத இரண்டு பெயர்கள்

வேதாகமத்தில் வரும் எபிரேயப் பெயர்களுக்கு அர்த்தம் தெரிந்தவன் என்று உடும்பஞ்சோலைக்கு அருகே ஓர் ஏலத்தோட்டத்தில் எனக்கு ஒரு பேச்சு உண்டு. எனக்கு எபிரேயம் தெரியாது. நான் கிறிஸ்தவனும் இல்லை. பாலக்காட்டில் ஓர் அச்சுக்கூடத்தில் ஆறு வருஷம் பிழை திருத்துகிறவனாக இருந்தேன். அங்கே ஒரு மிஷன் கொடுத்த வேலைகளில் ஒன்று, வேதாகமத்தில் வரும் ஆட்களின் பெயர்களையும் அவற்றின் பொருளையும் அகரவரிசையில் தரும் ஒரு சிறு பட்டியல். முப்பது நாற்பது பக்கம் இருக்கும். அதை நான் நான்கு தடவை எழுத்தெழுத்தாகப் படித்தேன். பிழை திருத்துகிறவன் பொருளுக்காகப் படிப்பதில்லை. ஆனாலும் நான்கு தடவை படித்தால் ஏதோ மிஞ்சும்.

எனக்கு மிஞ்சியது இவ்வளவு. அந்தப் பெயர்களில் பல, ஏல் என்றோ யா என்றோ முடிகின்றன. இரண்டுமே கடவுளைக் குறிப்பவை. நம் பெயர்களின் வாலில் சாமியும் அப்பனும் ஒட்டிக்கொள்வது போலத்தான். வாலை எடுத்துவிட்டால் மீதி இருப்பது பெரும்பாலும் ஒரு வினைச்சொல்: கேட்டார், கொடுத்தார், நினைத்தார், மறக்கச் செய்தார். பாதிப் பெயர்கள் பிள்ளை பெற்ற ஒருத்தி பாயில் படுத்தபடியே சொன்ன ஒரு வாக்கியம். சில பெயர்கள் வெறும் பிராணிகள்: தெபோராள் தேனீ, ராகேல் பெண்ணாடு, யோனா புறா. சில, வலியின் அடையாளம். யாபேஸ் என்று ஒருவன் இருக்கிறான்; துக்கத்தோடு பெற்றேன் என்று அவன் தாய் வைத்த பெயர். அதைத் திருத்தும்போது எங்கள் வடகரப்பதிப் பக்கத்தில் பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து, குப்பை என்றே பெயர் வைப்பது நினைவுக்கு வந்தது. நாலாவதும் பெண்ணாகப் பிறந்தால் போதும்பொண்ணு. பெயர் வைக்கும் தாய்மார்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி என்று எண்ணிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அச்சுக்கூடத்துக்குப் பிறகு ஒரு வாரப் பத்திரிகையில் செய்தி எழுதினேன். பத்திரிகை நின்றது. ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் ரைட்டர் வேலை இருப்பதாகக் குமுளியில் கேள்விப்பட்டு மலையேறினேன். ஸ்டோர் என்பது காய் உலர்த்தும் கட்டடம். உள்ளே சுவரோரம் நெருப்புக் குழாய்கள் ஓடும். வெளியே மழை நிற்காது. உள்ளே எப்போதும் கோடைக்காலம். வந்து சேரும் காயையும் போகும் காயையும் எழுதுவது என் வேலை. பத்திரிகையில் பழகிய ஒன்றை நான் விடவில்லை: கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் வைத்துக்கொள்வது. இங்கே எழுதுவதும் அப்படித்தான். இந்த விவரத்துக்குத் தேவையான வேதாகமப் பெயர்களைத் தவிர வேறு யார் பெயரையும் எழுதவில்லை.

தோட்டத்தில் தகரக் கூரை போட்ட சிறு ஜெபவீடு ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் திருநெல்வேலிக்காரர். நான் வருவதற்கு முந்தின வருஷம், கம்பத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அவர் ஞானஸ்நானம் கொடுக்க ஏற்பாடு செய்தார். தகப்பன், மகன் என இரண்டு ஆண்கள். வேதாகமத்தில் ஈசாக்கு தகப்பன், யாக்கோபு மகன். ஆகவே தகப்பனுக்கு ஈசாக்கு, மகனுக்கு யாக்கோபு என்று பெயர் கொடுத்தார். எல்லோருக்கும் அது பொருத்தமாகப் பட்டது. உபதேசியாரின் மனைவி அவர் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "எங்க வீட்டுல" என்றுதான் சொல்வார். அப்படியிருந்தும், அந்த வீட்டில் ஒரு மருமகள் இருக்கிறாள், புருஷன் பெயரும் மாமனார் பெயரும் அவள் வாயில் வரக் கூடாது, அவர் கொடுத்த இரண்டு பெயர்களோ வேதத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன என்பது அவருக்கு அன்று தோன்றவில்லை. எங்களைப் போன்றவர்கள்தான் செய்யக்கூடிய தவறு அது. பழகிப்போனது எங்கள் கண்ணில் படாது; வேறு தேசத்துக்காரனுக்கு உடனே உறுத்தியிருக்கும். அவன் மனைவி அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறாள்.

அந்த மருமகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். கம்பத்தில் மிஷன் பள்ளியில் ஆறு வகுப்புப் படித்தவள். தோட்டத்துப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நான் சேர்ந்த வருஷம் அவள் புருஷனுக்கு மலைக்காய்ச்சல். மண்ணீரல் வீங்கி வயிற்றில் கல் போல நின்றது. எழுந்து நிற்க முடியாது. மூன்று மாதமாக அவன் வேலைக்கு வரவில்லை. மாமனாரோ அதற்கு முன்பே வயதின் காரணமாக வேலைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவர். வேலைக்கு வரும் ஆண்பிள்ளை இல்லாத குடும்பத்துக்கு லைன் என்கிற கூலிக்குடியிருப்பு வரிசையில் வீடு கிடையாது என்பது தோட்டத்துச் சட்டம். கார்த்திகை முடிவதற்குள் காலி செய்யும்படி சொல்லிவிட்டார்கள். காலி செய்தால் கம்பத்துக்கு இறங்க வேண்டும். அந்த உடம்போடு அவனை மழையில் மலையிறக்கினால் வழியிலேயே போய்விடுவான் என்று கம்பவுண்டர் என்னிடமே சொன்னார்.

ஒரு வழி இருந்தது. லைன் லைனாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்ட ஒரு பெண்ணை வைக்க மிஷன் தீர்மானித்திருந்தது. அந்த வேலையோடு ஜெபவீட்டை ஒட்டிய இரண்டு அறை வீடும் உண்டு. கீழேயிருந்து பாதிரியார் வந்து வாசிக்கச் சொல்லிச் சோதிப்பார், தேறினால் வீடு. அவர் வர மூன்று வாரம் இருந்தது.

உபதேசியார் பழக்கத்துக்காக ஒரு ஞாயிறு பிற்பகல் பெண்களைக் கூட்டி அவளை வாசிக்கச் சொன்னார். நான் ஸ்டோர் வாசலில் நின்று கேட்டேன். குரல் தெளிவாக இருந்தது. நிறுத்தங்கள் சரியாக இருந்தன. பிறகு ஓர் இடத்தில் அரை வாக்கியத்தைக் காணோம். கொஞ்சம் தள்ளி இன்னோர் அரை வாக்கியம்.

"ஏத்தா, இப்ப யாரு கிணறு வெட்டுனது?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"அவுகதான்."

"எவுக?"

"அவுகதான் ஆத்தா. வெட்டுனாகல்ல, அவுக."

பக்கத்து லைன்காரி ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "மாமனார முழுங்கிப்புட்டா. அடுத்தாப்புல புருசன முழுங்குவா பாரு."

உபதேசியாருக்கு அன்றுதான் விஷயம் விளங்கியது. முகம் சிவந்தது. கூட்டத்தை ஜெபத்தோடு முடித்துவிட்டார்.

மறுநாள் அவள் ஸ்டோருக்கு வந்தாள். காய் பொறுக்கும் பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து, உலர்ந்த காயின் காம்பைத் தேய்த்து நீக்கி, முறத்தில் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அந்த வேலைக்காரிதான். ஆனால் நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"ரைட்டரய்யா, பேருக்கெல்லாம் அர்த்தம் போட்ட தாளு உங்ககிட்ட இருக்காமே."

"பெட்டிக்கு அடீல விரிச்சிருக்கறனுங்க அம்மிணி. எதுக்கு?"

"எங்க மாமா பேருக்கும் எங்க வீட்டுக்காரரு பேருக்கும் அர்த்தம் வேணும். பேரச் சொன்னாத்தான குத்தம். அர்த்தத்தச் சொல்லலாம்ல."

என் பேச்சில் வரும் 'ங்க'வைக் கேட்டால் அங்கிருந்த பெண்களுக்குச் சிரிப்பு வரும். அன்று யாரும் சிரிக்கவில்லை. காம்பு தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது.

தகரப் பெட்டியின் அடியில் நான் விரித்திருந்தவை அச்சுக்கூடத்தின் கழிவுத் தாள்கள். நான் மசியால் திருத்திய பிரதிகள். சாயங்காலம் எடுத்து வந்து பார்த்தேன். ஈசாக்கு: நகைக்கிறவன். தொண்ணூறு வயதில் பிள்ளை என்று கேட்டுத் தாய் சிரித்தாள், அதனால் அந்தப் பெயர் என்று வரலாறு. மறுநாள் இதைச் சொன்னதும் அவளுக்குப் பிடித்துவிட்டது.

"சிரிப்பாணிக்காரரு. பொருந்தும்யா. எங்க மாமா எழவு வீட்டுலயும் சிரிப்பாரு."

யாக்கோபு என்பதற்கு எதிரே அச்சாகியிருந்தது: ஏமாற்றுகிறவன். எனக்கு அதைச் சொல்லத் தயக்கம். கதையைச் சொல்லிப் பார்த்தேன். இரட்டையில் இளையவன், அண்ணன் குதிகாலைக் கையால் பிடித்தபடி பிறந்தான், குதிகாலைப் பிடித்தவன் என்பதே பெயர், பின்னால் அவன் அண்ணனை வஞ்சித்ததால் ஏமாற்றுகிறவன் என்றும் பொருள் ஏறியது.

அவள் எழுந்து நின்றாள். "ஏமாத்துக்காரரா? மூணு மாசமா கஞ்சியக் கூட அவுகளாக் குடிக்க முடியல. யாரய்யா ஏமாத்துனாக? படுத்துக் கெடக்குற மனுசனப் பாத்து அஞ்சாறு லைனு பொம்பளைக முன்னால நான் அப்படிச் சொல்லவா?"

"நான் சொல்லலைங்க. தாள்ல இருக்குது."

"தாளு பொய் சொல்லுது."

அவள் போன பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். யாக்கோபு என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதன் மேல் என் மசிக்கோடு. 'முழுப்பெயரின் குறுக்கம் என்றும், தேவன் காப்பாராக என்பதே அதன் பொருள் என்றும் சிலர் கருதுவர்.' அந்தப் பக்கத்தில் ஒரு வரி கூடுதலாக வந்து அடுத்த பக்கத்துக்குத் தள்ளியதால், சிலர் கருதுவர் என்று இருந்த வரியை அடித்தவன் நான். ஆசிரியரைக் கேட்கவில்லை. அச்சுக்கோப்பவருக்கு வேலை மிச்சம். ஆறு வருஷத்தில் அப்படி எத்தனை வரி அடித்திருப்பேன் என்று கணக்கு இல்லை.

மறுநாள் காலை, வேலைக்கு மணி அடிக்கும் முன்பே லைனுக்குப் போய்ச் சொன்னேன். அவள் தாளை வாங்கி, அந்த வரியின் மேல் இருந்த மசிக்கோட்டை உற்றுப் பார்த்தாள்.

"இத யாரு அடிச்சது?"

"நாந்தானுங்க."

"ஏன்?"

"எடம் பத்தலீங்க."

அவள் அந்த வரியை இரண்டு தடவை வாய்க்குள் படித்தாள். உள்ளே கட்டிலில் புருஷன் கண் மூடிக் கிடந்தான். வயிற்றின் மேல் போர்வை மேடாக நின்றது.

அந்த வாரம் முழுவதும் அவள் வாசிப்பைக் கேட்டேன். ஈசாக்கு வரும் இடத்தில் 'சிரிப்பானவர்' என்பாள். யாக்கோபு வரும் இடத்தில் 'தேவன் காக்கிறவர்' என்பாள். பெண்களுக்கு அது பிடித்தது. மற்றப் பெயர்களுக்கும் அர்த்தம் கேட்டு என்னைப் பிடுங்கத் தொடங்கினார்கள். காய் தேய்த்துக்கொண்டே கேட்பார்கள். நான் தாளைப் பார்த்துச் சொல்வேன்.

"காலேபு?"

"நாய்னு போட்டிருக்குதுங்க."

"அடி ஆத்தே! எங்க கொழுந்தனாருக்கு அந்தப் பேர வச்சுருக்காகளே!"

"பேரு தெரிஞ்சுதான் வச்சுருக்காக. நேத்துக்கூட என்னப் பாத்துக் கொலச்சாரு."

"மோசே?"

"தண்ணீலருந்து எடுக்கப்பட்டவனுங்க. கொழந்தையா ஆத்துல மெதந்து வந்தவன்."

இதைக் கேட்ட பக்கத்து லைன்காரி, முதல் நாள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தவள், தலையைக் குனிந்துகொண்டாள். அவள் புருஷனுக்கு அந்தப் பெயர். இப்போது மற்றவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இரண்டாம் ஞாயிறு உபதேசியார் வாசிப்பைக் கேட்டார். அன்று அவர் குரல் ஸ்டோர் வரை வந்தது.

"நிறுத்தும்மா! இதுல அப்படியா போட்டிருக்கு? சிரிப்பானவராம், காக்கிறவராம்! வேதத்தத் திருத்துததுக்கு உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

"அர்த்தம் அதுதானய்யா."

"அர்த்தம் வேற, வசனம் வேற. பாதிரியார் ஒரு எழுத்து மாறுனாலும் விடமாட்டாரு. அச்சுல இருக்கத வாசி. இல்லன்னா வேற ஆளப் பாக்கச் சொல்லுதேன்."

அவள் பக்கத்தைத் திரும்பப் பார்த்தாள். "அது நியாயந்தான்யா" என்றாள். "வேதப் பொஸ்தகத்த நான் மாத்தக் கூடாது."

எல்லோரும் அவள் இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்தார்கள். உபதேசியார் அதோடு விடாமல் அவள் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடமே பேசினார். நானும் உடன் போனேன். தாளைக் கொடுத்தவன் என்ற முறையில் என்மேலும் அவருக்குக் கோபம்.

புருஷன் கட்டிலில் கிடந்தபடி கேட்டான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"சொல்லிரு புள்ள. நாந்தான சொல்லச் சொல்றேன். குத்தமில்ல."

"நீங்க சும்மா இருங்க."

"வீடு போயிரும்."

"நான் சொல்லி, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா? குத்தமில்லன்னு சொன்ன ஆளு இருக்க மாட்டீக. நான் யாருகிட்டப் போயிக் கேக்குறது?"

மூலையில் உட்கார்ந்திருந்த மாமனார் சிரித்தார். "என் பேர வேணா சொல்லட்டும் சாமி. எனக்கு ஆனது ஆகட்டும். வயசாயிருச்சு."

"மாமா, நீங்களும் சும்மா இருங்க" என்றாள். உபதேசியாரிடம் திரும்பினாள். "அய்யா, அச்சுல இருக்கது அச்சுல இருக்கபடியே எல்லாரு காதுலயும் விழும். அதுக்கு நான் பொறுப்பு. அன்னைக்கு வந்து கேளுங்க."

"எப்படிம்மா விழும்? உன் வாயத் தொறக்காமயா?"

"அது என் பாடு."

அவள் பாடு என்னவென்று மறுநாள் ஸ்டோரில் தெரிந்தது. அவள் புத்தகத்தோடு வந்து சாக்கின் மேல் உட்கார்ந்தாள். வலது கையால் காய் தேய்த்தாள். இடது கையால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். வாசிப்பாள், அந்த இரண்டு பெயர்களில் ஒன்று வந்ததும் நிறுத்தி, விரலை எழுத்தின் மேல் வைத்து என்னைப் பார்ப்பாள். நான் பெயரைச் சொல்ல வேண்டும். பெண்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு அவள் தொடர்வாள். தாலுகா கச்சேரியில் புருஷன் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்பவளை இடித்துச் சொல்லச் சொல்வது எல்லாப் பெண்களுக்கும் வழக்கம். அவள் அதைத்தான் எடுத்துக்கொண்டாள். ஒருத்திக்குப் பதிலாக முப்பது பேர்.

முதல் நாள் நடக்கவில்லை. பெயர் வரும் இடம் பெண்களுக்குப் பிடிபடவில்லை. ஒருத்தி ஈசாக்கு என்கிற இடத்தில் இன்னொருத்தி யாக்கோபு என்பாள். கிழவி எல்லா இடத்திலும் மோசே என்றாள்.

"வாயில வந்ததச் சொல்லாதீக. கதையக் கேளுங்க. கதையக் கேட்டா யாருன்னு தெரியும்" என்று அதட்டினாள். ஒவ்வொரு பெயருக்கும் அர்த்தமும் அது வந்த கதையும் சொன்னாள்: சிரித்தது ஒரு தாய், குதிகாலைப் பிடித்தது ஒரு பிள்ளை. அர்த்தம் தெரிந்த பிறகு தடுமாறுவது குறைந்தது. நான்காம் நாள் நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. மேஸ்திரி வந்து, காய் பொறுக்குகிறார்களா கச்சேரி நடத்துகிறார்களா என்று கேட்டார். தரம் பிரித்த காயை அள்ளிக் காட்டினேன். வழக்கத்தைவிட ஒரு முறம் கூடுதலாகவே இருந்தது. போய்விட்டார்.

பாதிரியார் வந்த அன்று அடைமழை. நனைந்த கோட்டை ஜெபவீட்டு ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். உயரமான, வயதான வெள்ளைக்காரர். தமிழைப் புத்தகத்தில் இருக்கிறபடி பேசுவார். பெண்கள் பாயில் நிறைந்திருந்தார்கள். உபதேசியார் கதவோரம் நின்றார், கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே, தாழ்வாரத்தில்.

பாதிரியார் புத்தகத்தைப் பிரித்து ஓர் இடத்தைக் காட்டினார். புதர் எரிந்தும் கருகாமல் நிற்கிற இடம். அதைவிட மோசமான இடம் அவளுக்கு வாய்த்திருக்க முடியாது. அங்கேதான் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் ஒரே மூச்சில், ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள்.

அவள் வாசித்தாள். மோசே என்ற பெயரைத் தயங்காமல் சொன்னாள். ஆபிரகாமைச் சொன்னாள். அடுத்த சொல்லின் மேல் விரலை வைத்து நிறுத்தினாள்.

"ஈசாக்கு" என்றார்கள் பெண்கள். மழையையும் மீறிக் கேட்டது.

அவள் வாக்கியத்தைத் தொடர்ந்தாள். மறுபடி விரல்.

"யாக்கோபு."

பாதிரியார் கையை உயர்த்தினார். "நீ ஏன் நிறுத்துகிறாய்? அவ்விரண்டு சொற்களும் உனக்கு வாசிக்கத் தெரியாதா?"

"தெரியும்யா."

"அப்படியானால் நீயே வாசி."

"அது எங்க மாமனார் பேரு. இது எங்க வீட்டுக்காரரு பேரு. நான் சொல்ல மாட்டேன்யா."

"சொல்லாவிட்டால் இந்த வேலைக்கு நீ தகுதியற்றவள் என்று நான் எழுத வேண்டியிருக்கும்."

உபதேசியார் ஓரடி முன்னால் வந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சுவரோரம் கிடந்த பலகையையும் சுண்ணாம்புத் துண்டையும் எடுத்து, இரண்டு பெயர்களையும் எழுதிப் பாதிரியாரிடம் நீட்டினாள். எழுத்து தெளிவாக இருந்தது.

"வாசிக்கத் தெரியலன்னு எழுதாதீகய்யா. தெரியும். சொல்ல மாட்டேன்னு எழுதுங்க. ஆனா பொஸ்தகத்துல ஒரு எழுத்து விட்டுப்போகல. விட்டுப்போச்சான்னு இவுகளக் கேளுங்க."

பாதிரியார் பலகையைப் பார்த்தார். பிறகு பெண்களைப் பார்த்தார். முன்வரிசையிலிருந்த கிழவியைக் கேட்டார்: "ஈசாக்கு என்பதன் பொருள் என்ன?"

"சிரிப்பாணி, சாமி. கெழவிக்குப் புள்ளன்னா சிரிப்பு வராதா?"

"யாக்கோபு?"

"குதிகாலப் பிடிச்சவரு" என்றாள் ஒருத்தி. "சாமி காக்கட்டும்னும் அர்த்தம்" என்றாள் இன்னொருத்தி. "அது தாள்ல அடிச்சுப்போட்டது. ஆனாலும் உண்டு."

பாதிரியாரின் புருவம் ஏறியது. "அதை உங்களுக்கு யார் சொன்னது?"

அத்தனை தலையும் ஜன்னல் பக்கம் திரும்பின. நான் உள்ளே எட்டிப் பார்த்து, பட்டியலுக்குப் பிழை திருத்தியவன் நான் என்றும், இடம் போதாமல் அந்த வரியை அடித்தவனும் நானே என்றும் சொன்னேன். அவர் "அப்படியும் சிலர் சொல்வதுண்டு" என்று மட்டும் சொன்னார். பிறகு கிழவிக்குப் பக்கத்தில் இருந்தவளைக் கேட்டார்: "புதரிலிருந்து தேவன் அழைத்தது யாரை?"

அவள் அந்தப் பக்கத்து லைன்காரி. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாதிரியார் மறுபடி கேட்டார். அவள் வாசிக்க வந்தவளை முழங்கையால் இடித்தாள்.

"மோசேங்கய்யா" என்றாள் வாசிக்க வந்தவள். "அது இவ வீட்டுக்காரரு பேரு. இவளுக்கு நான் சொல்லுவேன், எனக்கு இவ சொல்லுவா."

ஜெபவீட்டில் சிரிப்பு எழுந்தது. பாதிரியார் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் எட்டு ஒன்பது கேள்விகள் கேட்டார், வாசிப்பவளை அல்ல, கேட்டவர்களை. இரண்டுக்குத் தப்பான பதில் வந்தது. மற்றவை சரி. அவர்களில் ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது.

பிறகு அவர் உபதேசியாரைத் தனியே அழைத்துப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டது அவர் வெளியே வந்து சொன்னதை மட்டும்தான்: மூன்று மாதம் வேலை கொடுத்துப் பார்ப்பது, அதன் பிறகு தீர்மானிப்பது, வீட்டுச் சாவியை இப்போதே கொடுப்பது. அவளிடம் அவர் சொன்னது ஒரு வாக்கியம். "இது சரியென்று நான் சொல்லவில்லை, மகளே." அவள், "சரிங்கய்யா" என்று சாவியை வாங்கி முந்தானையில் முடிந்தாள்.

அன்றைக்கே குடி மாறினார்கள். மழை விடுவதற்குக் காத்திருக்க அவள் சம்மதிக்கவில்லை. அவன் கிடந்த கட்டிலின் மேல் ஸ்டோரிலிருந்து நான் கொடுத்த தார்ப்பாய். முன்னால் இரண்டு ஆட்கள், பின்னால் ஒருவர். நான்காவது ஆளைத் தேடியபோது உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கட்டிலின் பின்கால் ஒன்றைப் பிடித்தார். லைனிலிருந்து ஜெபவீட்டுக்கு ஓர் ஓடையைத் தாண்டிச் செங்குத்தாக ஏற வேண்டும். சேறு முழங்கால் வரை. பாதி வழியில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"காய்ச்சல்ல கெடந்தாலும் யாக்கோபு கனமாத்தாம்மா இருக்காரு."

அவள் முன்னால் நடந்தபடி, வழுக்கும் இடங்களைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசாம வாங்கய்யா. எடது பக்கம் வேரு இருக்கு. அவுக தலைப்பக்கத்தக் கொஞ்சம் ஒசத்திப் பிடிங்க."